இரண்டு மணி ஐந்து நிமிடம்

கல்கத்தா தம்தம் விமான நிலையத்திலிருந்து மெட்ராஸ் மீனம்பாக்கத்துக்கு வான்வழியில் சுமார் ஆயிரத்து முந்நூற்று எண்பது கிலோமீட்டர். பறக்கும் நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம். எழுபதுகளில் இதைத் தொலைபேசியில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வதுதான் என் உத்தியோகம். கல்கத்தாவில் ஒரு விமானக் கம்பெனியின் நகர அலுவலகத்தில் விசாரணைப் பிரிவில் இருந்தேன். வங்காளியில் கேட்டால் வங்காளியில், இந்தியில் கேட்டால் இந்தியில், நம்மவர்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கத்து மாமிகள் கூப்பிட்டால் தமிழில். ரயில் கடற்கரையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவதால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஆகிறது, ஒன்றரை நாள் பிடிக்கிறது, விமானம் கடலுக்கு மேலே நேராகப் போய்விடுகிறது என்று விளக்கமும் சொல்வேன். அத்தனை மாமிகளும் "அவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த இரண்டு மணி ஐந்து நிமிடத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அவர் உயிரோடு இல்லை. போனவர்களைப் பற்றிக் கெடுதலாக எழுதக் கூடாது என்பார்கள். நான் எழுதுவேன். உயிரோடு இருக்கும்போது எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

லேக் கார்டன்ஸ் பேட்டையில் வீடு என்பதால் அவரை நாங்கள் லேக் கார்டன்ஸ் மாமா என்று சொல்வோம். என் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் அவர் பெரிய அதிகாரி. அப்பா அவருக்குக் கீழே பதினெட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதி, டைப் அடித்து, அவர் விட்ட பிழைகளையெல்லாம் சத்தமில்லாமல் திருத்தி, கையெழுத்துக்கு வைத்தவர். மாமாவின் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்று கல்கத்தாவில் ஒரு பேச்சு உண்டு. அது யாருடைய இங்கிலீஷ் என்று எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு நேரம் காலம் பார்ப்பதில் அபார நம்பிக்கை. அவர் வீட்டுக் கூடத்தில் மெட்ராஸிலிருந்து வரும் தினசரிக் காலண்டர் தொங்கும். எங்கள் ஜனங்கள் எல்லார் வீட்டிலும் அதுதான் தொங்கும். லேக் மார்க்கெட்டில் நம்மவர் மளிகைக் கடையில் டிசம்பர் மாதமே சொல்லி வைத்து வாங்குவோம். காப்பிப் பொடியும் அப்பளமும் ஊரிலிருந்து வருவதைப் போல ராகு காலமும் ஊரிலிருந்துதான் வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு, சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்று அந்தத் தாளில் போட்டிருக்கும். மாமா அந்த நேரத்தில் வாசல்படி தாண்ட மாட்டார். ஆபீஸ் கார் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கும்.

அப்பா ரிட்டயராகி அம்மாவோடு மெட்ராஸுக்குப் போய், மாம்பலத்தில் என் அண்ணா வீட்டில் இருந்தார். நான் வேலையை விட மனசில்லாமல் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன். லேக் மார்க்கெட் சந்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு ஒரு அறை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதக் கடைசி, வியாழக்கிழமை சாயங்காலம், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே கிளம்பு என்று தந்தி வந்தது.

எங்கள் கம்பெனியில் ஊழியர்களுக்கு இலவச டிக்கெட் உண்டு. ஆனால் அதில் ஒரு கொக்கி. பணம் கொடுத்து வாங்கினவர்கள் எல்லாரும் ஏறின பிறகு இடம் மிஞ்சினால்தான் நமக்கு. வெள்ளிக்கிழமை காலை பத்து பத்து விமானத்தில் ஒரே ஒரு இடம் இருந்தது. நான் ஆபீஸ் போனிலிருந்து அண்ணாவின் பக்கத்து வீட்டைப் பிடித்து, நாளைக்குப் பன்னிரண்டே காலுக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன், ஒரு மணிக்குள் வீட்டில் இருப்பேன், அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் போய்ச் சொன்னார்கள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மறுநாள் எட்டு மணிக்கே தம்தம்மில் இருந்தேன். ஒன்பதரைக்கு போர்டிங் கார்டு கைக்கு வந்தது. அப்போது கௌண்டரில் தமிழ்க் குரல் கேட்டது. லேக் கார்டன்ஸ் மாமா. கையில் சனிக்கிழமை விமானத்துக்கான டிக்கெட்டை வைத்துக்கொண்டு, இன்றைக்கே போயாக வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தார். விமானம் நிரம்பிவிட்டது என்றார் டியூட்டி ஆபீசர். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தெரிந்த பெண்ணைப் பார்த்த சந்தோஷம் என்று நானும் ஒரு அசடு, சிரித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நீயா? நீ ஸ்டாஃப் டிக்கெட்தானே?" என்றார்.

ஊழியர் டிக்கெட்டுக்காரர்களைக் கடைசி நிமிஷத்தில் கூட இறக்கிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அதைச் சொன்னவளே நான்தான். முந்தின நவராத்திரியில் அவர் வீட்டுக்குச் சுண்டலுக்குப் போனபோது, எங்கள் பிழைப்பு இப்படி என்று தமாஷாகச் சொல்லியிருந்தேன்.

"அப்பாவுக்கு சீரியஸ் மாமா. நேத்து தந்தி வந்தது. பன்னெண்டே காலுக்கு வரேன்னு சொல்லியாச்சு. அப்பா காத்துண்டிருக்கார்."

"உங்கப்பா கெட்டி உடம்பும்மா, ஒண்ணும் ஆகாது. உனக்கென்ன, உங்க ஆபீஸ் ப்ளேன். நாளைக்கும் இதே பத்து பத்துக்கு உண்டு. என் சீட் காலியாத்தானே போகும், அதுல ஏறிண்டு வா. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணப் போறேன். நாளைக்கு இந்த நேரம் ராகு காலம். அதுல கிளம்பலாமோ, நீயே சொல்லு."

"இன்னிக்கு மட்டும்?"

"இன்னிக்கு வெள்ளி. பத்தரைக்குத்தான் ஆரம்பம். அதுக்குள்ள ப்ளேன் கிளம்பிடும். ரெண்டு மணி நேரப் பிரயாணம், நாளைக்குப் போனா என்ன குறைஞ்சுடும்?"

டியூட்டி ஆபீசர் வங்காளி, நல்ல மனுஷர். "ஆமி கீ கொர்போ, தீதி," என்றார், நான் என்ன செய்வேன் என்று. சட்டப்படி பணம் கொடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாமா ஒரு வார்த்தை "வேண்டாம், அவளே போகட்டும்" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்காக, "ஒரு நிமிஷம் இதைப் பிடி" என்று தன் கைப்பையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷம் அப்பா நின்ற பழக்கம், என் கைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

விமானம் பத்து பன்னிரண்டுக்கு நகர்ந்தது. வாசலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை. நான் அந்த விமானத்தில் இல்லை என்று மாம்பலத்தில் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மாமாவின் காலி இடத்தில்தான் போனேன். ஜன்னலோரம். பத்து பத்துக்குக் கிளம்பி, சொன்னபடி பன்னிரண்டே காலுக்கு இறங்கினோம். நேற்று வராதவள் இன்றைக்கு இதில் வருவாள் என்று அண்ணா வெளியே நின்றுகொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அப்பா வெள்ளிக்கிழமை மூன்றே காலுக்குப் போய்விட்டார். எனக்காக ஐஸ் வைத்துக் கிடத்தியிருந்தார்கள்.

அம்மா அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவுக்கு நல்ல நினைவு இருந்ததாம். பன்னிரண்டரைக்கு "ப்ளேன் எறங்கியிருக்குமா?" என்று கேட்டாராம். எறங்கியிருக்கும் என்றாளாம் அம்மா. ஒரு மணிக்கு மறுபடி கேட்டாராம். டாக்ஸி கிடைத்திருக்காது என்றாளாம். இரண்டு மணிக்குத் தன்னை வாசல் பக்கம் பார்த்துத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாராம். அதற்கப்புறம் கேட்கவில்லையாம், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு மணியிலிருந்து மூன்றே கால் வரை நான் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள். இரண்டேகால் மணி நேரம். ஊருக்கெல்லாம் பிரயாண நேரம் சொல்லும் பெண், தான் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு என் அப்பா போனார்.

அன்றைக்கு மாமாவும் மெட்ராஸில்தான் இருந்தார். மாம்பலத்துக்குப் பக்கத்திலேயே சம்பந்தி வீடு. விஷயம் தெரிந்தும் வரவில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். ஆள் விட்டு விசாரித்தார். அந்த ஆளிடம், நிச்சயதார்த்தம் நல்லபடி நடந்ததா என்று நான் கேட்டேன். ஜோராக நடந்தது என்றான்.

பதிமூன்று நாள் காரியம் முடிந்து கல்கத்தா திரும்பினேன். ஆடி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். என் பக்கத்து மேஜைக்காரி, நாங்கள் எல்லாரும் அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்று கூப்பிடும் வங்காளி அம்மாள், பேரனுக்கு முதல் சோறு ஊட்ட நாள் பார்ப்பதற்காகத் தடிமனான ஒரு பஞ்சிகாவை டிராயரில் வைத்திருந்தாள். அவர்கள் பஞ்சாங்கம் அது. மத்தியானம் சும்மா புரட்டினேன். ஒவ்வொரு நாளைக்கும் சூரிய உதயம் போட்டிருந்தது. மே மாதக் கடைசிக்கு நாலு ஐம்பத்திரண்டு என்று இருந்தது. அச்சுப் பிழையா என்று கேட்டேன். தீதி சிரித்தாள். இது கல்கத்தா சூரியன், உங்கள் மெட்ராஸ் சூரியன் இல்லை என்றாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ராகு காலம் என்பது கடிகாரத்தைப் பார்த்துப் போடுவதில்லை. சூரியன் உதிப்பதிலிருந்து அஸ்தமிப்பது வரை எட்டுப் பங்காகப் பிரித்து, வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு, சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு என்று எடுப்பது. மெட்ராஸை விடக் கல்கத்தா எத்தனையோ கிழக்கே இருக்கிறது, இங்கே கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது என்பது எங்களில் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனாலும் பல வருஷங்களாக அத்தனை பேரும் மெட்ராஸ் தாளைக் கிழித்து, மெட்ராஸ் சூரியனைப் பார்த்து, கல்கத்தாவில் வாசல்படி தாண்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு பழைய டைம்டேபிளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை கல்கத்தாவில் ராகு காலம் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கே ஆரம்பித்துவிட்டது. மாமாவின் விமானம் கிளம்பியது பத்து பன்னிரண்டுக்கு, நடு ராகு காலத்தில். மறுநாள் சனிக்கிழமையோ ஒன்பது ஐம்பத்திரண்டுக்கெல்லாம் முடிந்துவிட்டது. அவர் வேண்டாம் என்று தள்ளிய பத்து பத்து விமானம் பரிசுத்தமானது. அவர் பேசாமல் தன் டிக்கெட்டில் தன் நாளில் போயிருந்தால் அவருக்கும் நல்ல நேரம், எனக்கும் அப்பா.

எனக்கு ராகுவிலும் கேதுவிலும் நம்பிக்கை கிடையாது. அவருக்கு உண்டு. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கத்தி எங்கே இறங்கும் என்று தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தம்ளர் டீ குடித்தேன்.

உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் துடித்தது. அப்புறம் யோசித்தேன். கல்யாணம் ஆவணியில். இப்போது சொன்னால் பரிகாரம் என்று ஏதாவது பண்ணி விடுவார். இல்லாவிட்டால் இந்த இடத்தைத் தள்ளிவிட்டு வேறு வரன் பார்ப்பார். இரண்டில் எது நடந்தாலும் அவர் தப்பித்துக்கொள்வார். தாலி ஏறட்டும், முடிச்சு விழுந்து அவிழ்க்க முடியாமல் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். எனக்குப் புத்தி தடுமாறி அப்படிச் செய்யவில்லை. நிதானமாக உட்கார்ந்து யோசித்துத்தான் செய்தேன். கல்யாணத்துக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டேன். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கல்யாணம் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் மெட்ராஸில் நன்றாக இருப்பதாகக் கேள்வி. நன்றாக இருக்கும்போது சொன்னால் உறைக்காது என்று காத்திருந்தேன். நாலு வருஷம் காத்திருந்தேன். மெட்ரோவுக்காக ரோடெல்லாம் பள்ளம் தோண்டிப் போட்டிருந்த சமயம், லேக் மார்க்கெட் மளிகைக் கடையில் செய்தி வந்தது. லேக் கார்டன்ஸ் மாமாவின் பெண் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாளாம். அவன் குடிக்கிறானாம், கை நீட்டுகிறானாம். மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம், நேரம் காலம் பார்த்துத்தானே பண்ணினேன், எங்கே தப்பு என்று புலம்புகிறாராம். எங்கே தப்பு என்று கல்கத்தாவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தேன்.

நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, அவரே பெண்ணோடு என் கௌண்டருக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் ஒரு அடி பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெட்ராஸுக்கு ரெண்டு டிக்கெட் வேணும்மா. இவளைக் கொண்டு விட்டுட்டு வரணும். சம்பந்தி பெரிய மனசு பண்ணி ஒத்துண்டிருக்கா. இந்தத் தடவையாவது நேரம் பிசகாம ஒரு ப்ளேன் பாத்துச் சொல்லு."

"போன தடவையும் நேரம் பாத்துத்தானே கிளம்பினேள், மாமா?"

"அதாம்மா எனக்குப் புரியலை. ஒரு நிமிஷம் கூடத் தப்பலையே."

நாலு வருஷமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஒரு காகிதத்தை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமை கல்கத்தா உதயம் நாலு ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். அஸ்தமனம் ஆறு பதிமூன்று என்று எழுதினேன். அவர் கணக்கில் கெட்டிக்காரர். மேற்கொண்டு நான் எழுத வேண்டியிருக்கவில்லை. பென்சிலை என் கையிலிருந்து வாங்கி அவரே எட்டால் வகுத்தார், மூன்று பங்கு தள்ளினார், நேரத்தைப் போட்டார். பென்சில் அங்கேயே நின்றது.

"அப்போ சனிக்கிழமை?" என்றார்.

"சனிக்கிழமை பத்து பத்து சுத்தம், மாமா. அந்த ப்ளேன்லதான் நான் போனேன், உங்க சீட்ல. எங்கப்பா வெள்ளிக்கிழமையே மூணே காலுக்குப் போயிட்டார். அதுவரைக்கும் வாசலைப் பாத்துண்டிருந்தார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் இனித்தது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் குழந்தையை நானே ராகு காலத்துல கிளம்பிப் போய்த் தள்ளிட்டு வந்திருக்கேனே," என்றார். "டிக்கெட் வேண்டாம்மா. இவளை அனுப்ப மாட்டேன். கெட்ட வேளையில முடிஞ்ச சம்பந்தம், இது தேறாது. நீ சொல்லலேன்னா மறுபடியும் கொண்டு தள்ளியிருப்பேன். நீ நன்னா இருக்கணும்."

என்னை ஆசீர்வாதம் பண்ணினார். நாலு வருஷம் தீட்டி வைத்திருந்ததைக் கொண்டுபோய்ச் செருகினால், மனிதர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்பாவின் பேச்சே இல்லை. மூன்றே கால் மணி அவர் காதில் விழுந்ததா என்று கூடத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் டாக்ஸி பார்க்கப் போனார்.

பெண் மட்டும் கௌண்டர் அருகிலேயே நின்றாள். அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்க்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அந்த வருஷம் ஆடியிலேயே," என்றேன்.

"என் கல்யாணம் ஆவணி."

"ஆமாம்."

"எனக்கு அந்த வரன் பிடிக்கலே. அப்பாகிட்ட மூணு தடவை சொன்னேன். நல்ல நேரத்துல கிளம்பிப் போய் முடிச்ச காரியம், மாத்தப் படாதுன்னுட்டார்." அவள் குரலில் கோபமே இல்லை. "லேக் மார்க்கெட்லேர்ந்து எங்காத்துக்கு நடந்து வர எவ்வளவு நேரம்க்கா ஆகும்?"

எங்கிருந்து எங்கே போக எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கும் யோசிக்கவில்லை.

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றேன்.

தகவல் கேட்க வருகிறவர்கள் சொல்வதைப் போலவே, "தாங்க்ஸ்க்கா," என்றாள். காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய், வாசல் படியில் தடுமாறிய அப்பாவைக் கைபிடித்து இறக்கினாள். மாமாவை நான் அன்றும் மன்னிக்கவில்லை, அவர் போன பிறகும் மன்னிக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நான் லேக் மார்க்கெட்டிலேயேதான் இருந்தேன், அவளும் லேக் கார்டன்ஸில்தான் இருந்தாள். அந்த இருபத்தைந்து நிமிஷத்தை நான் ஒரு நாளும் நடக்கவில்லை.